டி.டி.ரி.யும் சோறும்: ஒரு மரணக் கணக்கு பற்றிய விமர்சனம்

இலங்கையின் சனத்தொகை வரலாற்றை எழுதப் புகுந்தோர் எவரும் 1946, 1947 ஆகிய ஈராண்டுகளைப் பற்றி ஒரு பந்தியேனும் எழுதாது விட்டதில்லை. ஆயிரம் பேருக்கு 20இற்குச் சற்று மேலாக இருந்த மரணவீதம் ஓராண்டினுள்ளே ஏறத்தாழ 14ஆக வீழ்ந்தது. அதே காலத்திலேதான் மலேரியா நுளம்பை ஒழிக்கும் பொருட்டு டி.டி.ரி. என்னும் இரசாயனம் வீட்டுச் சுவர்களிலே நாடெங்கும் விசிறப்பட்டது. இவ்விரு செய்திகளையும் அருகருகே வைத்தார்கள். மருந்தடித்தார்கள், மரணம் குறைந்தது என்னும் கதை பிறந்தது. சமுதாய அமைப்பிலே கைவைக்காமல், நிலவுடைமையைத் தொடாமல், கூலியை உயர்த்தாமல், ஒரு புட்டி இரசாயனத்தினாலே வறிய நாட்டு மக்களின் ஆயுளை நீட்டிவிடலாம் என்பதற்கு இலங்கையே சான்று என்று மேனாட்டுப் பாடநூல்கள் பலகாலம் கூறிவந்தன. அதனோடு நில்லாது, இவ்வாறு சாவு குறைந்தமையாலேயே சனத்தொகை பெருகி வறுமையும் பெருகிற்று என்று அடுத்த பாடத்தையும் அவை நடத்தின.

இலக்கியச் சஞ்சிகையிலே இதற்கு என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். ஒரு நாவலை விமர்சிக்கும்போது நாம் என்ன செய்கிறோம்? பாத்திரங்களுக்கு நேர்ந்தவை எதனால் நேர்ந்தன என்று ஆசிரியன் காட்டுகின்றான். அவன் காட்டும் காரணகாரியத் தொடர்பு வாழ்க்கையோடு பொருந்துகிறதா, எந்த இணைப்பை அவன் விட்டுவிட்டான், விட்டதனாலே யாருக்கு வசதி என்று வினவுகின்றோம். புள்ளிவிபரவியலாளன் மாதிரியுரு என்ற பெயரிலே அமைப்பதும் இத்தகைய ஒரு கதையே. அவனுடைய கதையிலே மாறிகள் என்பவை பாத்திரங்கள். எந்தப் பாத்திரத்தை மேடைக்கு அழைப்பது, எதனை வாசலிலே நிறுத்திவிடுவது என்பதை எண்கள் தாமாகத் தீர்மானிப்பதில்லை. ஆகவே விமர்சகனுக்கு இங்கும் வேலை உண்டு.

கதையை 1946இல் தொடங்குவதே முதற்பிழை. 1934ஆம் ஆண்டிலிருந்து தொடங்கவேண்டும். அவ்வாண்டிலே தென்மேல் பருவமழை பொய்த்தது. வழக்கமாக நுரைத்தோடும் மா ஓயா, தெதுறு ஓயா, களனி கங்கை முதலியன வற்றி மணற்படுக்கையிலே குட்டை குட்டையாகத் தேங்கின. ஓடும் நீரிலே முட்டையிட இயலாத நுளம்பு தேங்கிய நீரிலே பெருகியது. ஒக்ரோபர் முடிவிலே தொடங்கிய காய்ச்சல் கேகாலை, குருநாகல் மாவட்டங்களைச் சூறையாடியது. ஏறத்தாழப் 15 இலட்சம் பேர் நோயுற்றனர் என்றும், 1935 ஏப்ரில் வரையிலே ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர் என்றும் மதிப்பிடப்படுகிறது. அந்நாளில் இலங்கையின் மொத்தச் சனத்தொகை ஐம்பத்து மூன்று இலட்சமளவே. 1935இல் உயிரோடு பிறந்த ஆயிரம் குழந்தைகளுள் 263 குழந்தைகள் ஓராண்டு நிறையுமுன் இறந்தன.

இதனை இயற்கையின் கொடுமை என்று சொல்லிவிடுவது இலகு. மழை பொய்த்தது, ஆறு வற்றியது, நுளம்பு பெருகியது. இவற்றுள் எதற்கும் மனிதன் பொறுப்பல்லன். ஆயினும் வறட்சி நுளம்பை வளர்த்ததோடு நிற்கவில்லை, பயிரையும் அழித்தது. அதற்கு முன்னரே 1929இல் தொடங்கிய உலகப் பொருளாதார மந்தம் இறப்பரின் விலையையும் தேங்காயின் விலையையும் சரித்துச் சிறு தோட்டக்காரரையும் அவர்களிடம் கூலிக்குச் சென்றோரையும் வெறுங்கையராக்கியிருந்தது. காய்ச்சல் வந்த வேளையிலே குடிசையில் நெல்லில்லை, வேலையில்லை, உடலிலே எதிர்த்து நிற்கும் சத்துமில்லை. முதல் முறை படுத்தவன் எழுந்து, இரண்டாம் முறை படுத்து, மூன்றாம் முறை எழவில்லை.

இதனை அன்றே கண்டுகொண்டவர்கள் சிலர் இருந்தனர். ஆங்கிலேயரின் பொப்பி மலருக்கு எதிராகச் சூரியமல் எனப்படும் பூவரசம்பூவை விற்கத் தொடங்கிய இளைஞர் கூட்டம் நிவாரணப் பணிக்காகக் கேகாலைப் பகுதிக் கிராமங்களுக்குச் சென்றது. டொக்டர் எஸ். ஏ. விக்கிரமசிங்ஹ, என். எம். பெரேரா முதலியோர் அக்கூட்டத்தில் இருந்தனர். கொயினா மாத்திரை மட்டும் போதாது என்பது அவர்களுக்கு முதல் வீட்டிலேயே விளங்கிற்று. பருப்பும் உணவுப்பொருளும் சுமந்து சென்றார்கள். பெரேராவைக் கிராமத்தவர் பருப்பு மஹாத்தயா என்று அழைத்ததாகச் சொல்வர். பட்டப்படிப்பு முடித்து இலண்டனிலிருந்து திரும்பிய ஒரு பொருளியலறிஞருக்கு இதைவிடப் பெரிய பட்டம் கிடைத்திருக்க முடியாது. லங்கா சமசமாஜக் கட்சி 1935 டிசம்பரில் தோன்றியதும், 1936இல் அவர் ருவான்வெல தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குச் சென்றதும் இப்பருப்புச் சுமையோடு தொடர்புள்ள செய்திகள். ஜேர்மனிய வைத்தியர் ருடோல்வ் வீர்கோ 1848இல் மேல் சிலேசியாவிலே ரைபஸ் காய்ச்சலை ஆராயச் சென்று, சனநாயகமும் கல்வியும் நல்ல கூலியுமே இதற்கு மருந்து என்று அறிக்கை எழுதியது இவ்வழியின் தொடக்கம். நம்மவர் அறிக்கை எழுதுவதோடு நிற்கவில்லை.

நாவலாசிரியர் ஒருவர் இருபதாண்டுகளுக்கு முன்னரே இத்தொடர்பின் ஒரு பகுதியைக் கண்டிருந்தார். அம்பாந்தோட்டையில் 1908 முதல் 1911 வரை உதவி அரசாங்க அதிபராகப் பணியாற்றிய லெனாட் வுல்வ், 1913இல் வெளியிட்ட காட்டுக் கிராமம் பற்றிய நாவலைக் கருதிச் சொல்கிறேன். சேனைப் பயிர் செய்ய அனுமதிச் சீட்டு வேண்டும், சீட்டுக் கொடுப்பவன் தலைமைக்காரன், அவனுக்குப் பகையானவனுக்குச் சேனையில்லை, சேனையில்லாதவனுக்குக் கடன், கடன்பட்டவனுக்குப் பசி, பசித்தவன் வீட்டிலே காய்ச்சல். ஒரு சமூகவியல் நூலுக்குரிய காரணத்தொடர் அந்நாவலில் உண்டு. ஆனால் வுல்வ் ஓரிடத்திலே தயங்கிவிடுகிறார். காட்டையே ஒரு தீய சக்தியாக, கிராமத்தை விழுங்கக் காத்திருக்கும் விதியாக ஆக்கிவிடுகிறார். சீட்டுக்குக் கீழே கையொப்பமிடும் வெள்ளை அதிகாரி அனுதாபத்துக்குரியவனாகவும் கையாலாகாதவனாகவும் நிற்க, குற்றம் முழுவதும் மரங்களின்மேல் விழுகிறது. அவ்வதிகாரியின் நாற்காலியிலே ஆசிரியரே அமர்ந்திருந்தார் என்பதை வாசகன் மறத்தலாகாது.

இனிப் புள்ளிவிபரவியலாளரிடம் வருவோம். டி.டி.ரி. கதையை முதலில் ஐயுற்றவர்களுள் ஹரல்ட் பிரடெரிக்சன் ஒருவர். 1960ஆம் ஆண்டை ஒட்டி அவர் எழுதிய கட்டுரைகளிலே, மலேரியா பெரிதும் இல்லாத பகுதிகளிலும் மரணம் ஏறக்குறைய அதே வேகத்திலேயே குறைந்தது என்று காட்டினார். மலேரியா இல்லாத இடத்திலே மலேரியா ஒழிப்பு எவ்வாறு உயிர்களைக் காத்தது என்னும் அவரது வினா சாதாரண வினா. ஆனால் கேட்க ஆளில்லாதிருந்தது. 1965இல் பொருளியலாளர் பீற்றர் நியூமன் இதற்கு மறுப்பாக ஒரு நூலே எழுதினார். மாவட்டந்தோறும் மண்ணீரல் வீங்கிய பிள்ளைகள் எத்தனை வீதம் என்னும் பழைய கணக்கை அவர் மலேரியாவின் அளவுகோலாகக் கொண்டார். அந்த வீதம் எங்கே உயர்ந்திருந்ததோ அங்கே மரணமும் கூடுதலாகக் குறைந்தது என்பதைப் பிற்செலவுக் கணிப்பினாலே காட்டினார். 1967இல் நம் நாட்டவரான எஸ். ஏ. மீகம, போருக்குப் பிந்திய உணவு நிலை, வைத்தியசாலைகளின் பெருக்கம், தாய்மார் பராமரிப்பு ஆகியவற்றை முன்வைத்து மறுதலித்தார். 1974இல் ரொனால்ட் கிறே மீண்டும் கணக்கிட்டார். போருக்குப் பிந்திய மரணவீதக் குறைவிலே மலேரியா ஒழிப்பின் பங்கு நியூமனின் கணக்கில் 42 சதவீதம். கிறேயின் கணக்கில் 23 சதவீதம்.

ஒரே நாடு, ஒரே பதிவேடுகள், ஏறத்தாழ ஒரே முறை. விடைகள் மட்டும் ஒன்றுக்கொன்று ஏறக்குறைய இருமடங்கு வேறுபாடுடையவை. இதைக் கண்டு கணக்கெல்லாம் பொய் என்று கைகழுவுவது அறிவுடைமையன்று. இரு கணக்குகளும் சேர்ந்து ஒன்றை உறுதியாக நிறுவிவிட்டன: டி.டி.ரி. தனித்து நின்று இந்நாட்டு மக்களைக் காக்கவில்லை. பெருங்கணக்கைக் கொண்டவரின் கூற்றுப்படியே பாதிக்கு மேற்பட்ட குறைவு வேறிடத்திலிருந்து வந்தது. பாடநூலாசிரியர்கள் 42ஐ எடுத்துக்கொண்டு எஞ்சிய 58ஐ மறந்தது கணிதத்தின் குற்றமன்று.

என் ஆட்சேபம் பங்கு பிரிக்கும் முறை பற்றியது. இணைமாடு பூட்டிய வண்டியை எடுத்துக்கொள்வோம். ஒரு மாட்டை அவிழ்த்துவிட்டால் வண்டி நின்றுவிடும். மற்றதை அவிழ்த்தாலும் நின்றுவிடும். வண்டி ஓடியதிலே இந்த மாட்டின் பங்கு நூற்றுக்கு எத்தனை என்று கேட்டால் விடையில்லை, வினாவே பொருந்தாது. காய்ச்சலும் பசியும் 1935இல் அத்தகைய இணைமாடுகள். பசித்த உடலிலே காய்ச்சல் கொன்றது. காய்ச்சல் கண்டவன் வேலைக்குப் போகாததால் அவன் வீட்டிலே பசி வளர்ந்தது. மலேரியா நேரே கொன்றவரிலும், மலேரியாவால் நலிந்து வேறு நோயினாலே இறந்தவர் பலர் என்று நியூமனே வாதிடுகிறார். வாதம் சரியானதே. அவ்வாறாயின், நலிவைப் பெருக்கிய உணவின்மையையும் அதே தராசில் அல்லவா நிறுக்கவேண்டும்? ஒரு நோய் மற்ற நோய்க்கு வழிவிடும் என்பதை ஏற்றவர், பசி எல்லா நோய்க்கும் வழிவிடும் என்பதை ஏற்கத் தயங்குவது விந்தையே.

1967 தொடக்கம் 1969 வரையான காலம் இதற்கு ஒரு பரிசோதனை போல அமைந்தது. 1963இலே நாடு முழுவதிலும் 17 மலேரியா நோயாளரே பதிவாயினர். ஒழிந்தது என்று எண்ணி மருந்து விசிறுவதைக் கைவிட்டனர். 1969ஆம் ஆண்டிலே பதிவான நோயாளர் தொகை ஐந்து இலட்சத்தைக் கடந்தது. ஆனால் 1935இன் மயானங்கள் திரும்பவில்லை. சாவு மிகச் சொற்பமாகவே இருந்தது. குளோரோகுவின் என்னும் மருந்து கைவசமிருந்ததும், பரவியது பெரும்பாலும் கொடுமை குறைந்த வகைக் காய்ச்சலாயிருந்ததும் இதற்குக் காரணங்கள். இவற்றை மறைத்து வாதாடுதல் நேர்மையன்று. எனினும், அக்காய்ச்சல் வந்தபோது பங்கீட்டு அரிசி கிடைத்துக்கொண்டிருந்தது. கட்டணமில்லா வைத்தியசாலை நடந்து போகும் தூரத்தில் இருந்தது. 1945இல் வந்த இலவசக் கல்வியினாலே எழுத்தறிந்த தாய் வீட்டில் இருந்தாள். நுளம்பு திரும்பி வந்தபோது அதே சமுதாயத்தைக் காணவில்லை.

மாதிரியுருக்களின் இன்னொரு குறை மாவட்டம் என்னும் அலகு. மாவட்டம் என்பது கச்சேரியின் வசதிக்காகக் கீறிய கோடு. நுவரெலியாவை எடுத்துக்கொண்டால், அங்கே குளிரினாலே மலேரியா அரிது. மண்ணீரல் கணக்கிலே அது நல்ல பிள்ளை. ஆயினும் மலைநாட்டுத் தோட்டங்களிலே சிசு மரணம் நாட்டின் சராசரியை விட உயர்ந்தே நின்றது. கிராமத்தவனும் லயத்தில் வாழ்பவனும் துரை பங்களாவில் வாழ்பவனும் ஒரே மாவட்டத்துச் சராசரியிலே கரைந்துபோகிறார்கள். வர்க்கத்தை மறைக்க விரும்புகிறவனுக்குச் சராசரியை விடச் சிறந்த திரை வேறில்லை.

பிற்காலத்திலே ஆராய்ச்சியின் நாட்டம் பழக்கவழக்கங்களின் பக்கம் திரும்பியது. உண்பது, புகைப்பது, நடப்பது, கைகழுவுவது எல்லாம் மாறிகளாயின. நமக்கு இது புதிதன்று. வள்ளுவரின் மருந்து என்னும் அதிகாரம் பெரும்பாலும் அளவறிந்து உண்பது பற்றியே பேசுகிறது. செரித்த பின் உண்ண வேறு சோறு இருப்பவனுக்குக் கூறிய அறிவுரை அது. இன்றைய உபதேசங்களும் பெரும்பாலும் அவனுக்கே. இலண்டன் அரச ஊழியரிடையே 1967இல் தொடங்கிய வைற்ஹோல் ஆய்வு இவ்வுபதேசிகளைச் சற்று அதிரவைத்தது. பட்டினியோ கடும் வறுமையோ இல்லாத அலுவலகங்களிலே, மேல்நிலை அதிகாரிகளைக் காட்டிலும் கடைநிலை ஊழியர் இருதய நோயினாலே மூன்று மடங்குக்கு மேல் இறந்தனர். புகைத்தல், இரத்த அழுத்தம், கொழுப்பு ஆகிய யாவற்றையும் கணக்கிலெடுத்தும் வேறுபாட்டின் பெரும்பகுதி விளக்கமின்றி எஞ்சிற்று. பழக்கத்துக்கு அப்பால், உத்தியோகப் படியிலே ஒருவன் நிற்கும் இடமே அவன் ஆயுளைத் தொடுகிறது என்ற முடிவுக்கு ஆய்வாளர் வந்தனர்.

அவுஸ்திரேலிய அறிஞர் ஜோன் கோல்ட்வெல் 1986இல் எழுதிய கட்டுரையை நம்மவர் மகிழ்ந்து மேற்கோள் காட்டுவதுண்டு. இலங்கை, கேரளம், கொஸ்ரா ரிக்கா ஆகியவை வருமானம் குறைந்தும் நீண்ட ஆயுளைப் பெற்றது எவ்வாறு என்று அவர் ஆராய்ந்தார். பெண்களின் சுயாதீனம், பெண்கல்வி, எளியோரையும் எட்டிய வைத்தியசேவை, இவற்றோடு மக்களின் அரசியல் விழிப்பு என்பன அவர் கண்ட விடைகள். அரசியலை மாறியாக ஏற்ற அளவிலே அவர் டி.டி.ரி. கதைக்காரரை விடப் பலபடி முன்னேறியவர். பிள்ளைக்குச் சுகமில்லையென்றால் இந்நாட்டுத் தாய் காலந்தாழ்த்தாது வைத்தியரிடம் கொண்டோடுகிறாள், குணமாகாவிடின் உடனே வேறு வைத்தியரை நாடுகிறாள் என்று அவரும் அவரது கூட்டாளிகளும் பின்னர் எழுதினார்கள். கிராமத்துத் தாய்க்கு இது பொருந்தும்.

தோட்டத்துத் தாய்க்கு? விடியற்காலை பெரட்டுக்களத்திலே நிற்கவேண்டும். கைக்குழந்தையைப் பிள்ளைக்காம்பராவிலே விட்டுவிட்டு மலையேறவேண்டும். காய்ச்சற் பிள்ளையைத் தோட்டத்து மருந்துச்சாலைக்குக் கொண்டுபோனால் அரைப்பேர். பட்டணத்து வைத்தியசாலைக்குப் போனால் அன்றைய பேரே இல்லை. அவளுக்குப் பிள்ளைமேல் அக்கறையில்லை, அறிவில்லை என்று எழுதுகிறவன், அவளது நாட்கூலியைத் தன் மாறிகளுள் ஒன்றாகச் சேர்க்க மறந்தவன். கிராமத்துத் தாயின் நற்பழக்கம் என்று நாம் புகழ்வதிலே பெரும்பகுதி அவளிடம் இருந்த நேரம். தோட்டத்துத் தாயின் அசிரத்தை என்று இகழ்வதிலே பெரும்பகுதி அவளிடம் இல்லாத நேரம். பழக்கம் என்னும் சொல்லை ஆராய்ச்சிக் கட்டுரையில் காணும்போதெல்லாம் அதற்குக் கீழே கூலிப் புத்தகம் ஒளிந்திருக்கிறதா என்று புரட்டிப் பார்ப்பது நல்லது.

இவ்விடத்திலே நம் முகாமைப் பற்றியும் பேசவேண்டியிருக்கிறது. 1973, 1974ஆம் ஆண்டுகளிலே உலகச் சந்தையில் கோதுமையும் எண்ணெயும் விலையேறின. இலங்கையிடம் அந்நியச் செலாவணி இல்லை. பங்கீடு குறைக்கப்பட்டது; மாவின் விலை உயர்ந்தது; அரிசியை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குக் கொண்டுசெல்வதைத் தடுக்க வீதிகளிலே ஹால் பொல்ல என்னும் தடைக்கம்பங்கள் எழுந்தன. நாட்டின் மரணவீதம் 7.7 இலிருந்து 9 வரையில் ஏறியது. அந்த ஏற்றத்தின் பெரும்பாரம் தோட்டங்களின்மேல் விழுந்தது. கிராமத்தவனுக்கு ஒரு துண்டு வயலோ, பலாமரமோ, வயலுள்ள உறவினனோ இருந்தான். தோட்டத் தொழிலாளிக்குக் கூலியும் பங்கீட்டுக் கூப்பனும் கோதுமை ரொட்டியுமே இருந்தன. 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தினாலே அவர்களுட் பெரும்பாலானோர் வாக்கிழந்திருந்தனர்; ஆகையால் அவர்கள் பசித்தபோது எந்தப் பாராளுமன்ற ஆசனமும் ஆடவில்லை. 1970 முதல் 1975 வரை நிதியமைச்சராக இருந்தவர் கேகாலைக் குடிசைகளுக்குப் பருப்புச் சுமந்த அதே என். எம். பெரேரா.

இதை ஏளனத்துக்காக எழுதவில்லை. உலக விலையை அவர் ஏற்றவில்லை. 1948இலே அச்சட்டத்தை எதிர்த்து நின்றவர்களுள் அவருடைய கட்சியும் ஒன்று. ஆயினும் நம் பத்திரிகைகளிலே 1934 பற்றி நூறு கட்டுரைக்கு இடமுண்டு. 1974 பற்றி எழுத வரும்போது பேனா தடுமாறுகிறது. பசியும் நோயும் இணைமாடுகள் என்பது அந்நிய ஆட்சியில் மட்டும் உண்மையாயிருந்து, நம்மவர் அமைச்சரவையில் இருந்தபோது பொய்யாகிவிடாது. வாக்குரிமையை ஒரு சுகாதார மாறியாகக் கொள்ளாத எந்த மாதிரியுருவும் 1974இன் தோட்டத்து மரணங்களை விளக்கமாட்டாது. மாவோ எண்ணெயோ அரிசியோ நாடெங்கும் குறைந்தது. யாருக்கு எவ்வளவு குறைந்தது என்பதை நிர்ணயித்தது வாக்கு.

2016 செப்டெம்பரிலே உலகச் சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடென அறிவித்தது. அது பெருமைக்குரிய செய்தியே. களத்திலே இரத்தமாதிரி சேகரித்து அலைந்த சிற்றூழியர்களின் வெற்றி அது. அதே 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார அளவீட்டிலே, வயதுக்கேற்ற உயரமின்றி வளர்ச்சி குன்றிய ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் நாட்டிலே 17 சதவீதம். தோட்டப்புறத்திலே ஏறத்தாழ 32 சதவீதம். நுளம்பு போய்விட்டது, எஞ்சிய மாடு இன்னும் நுகத்திலே நிற்கிறது. தோட்டத்தைத் தனி நிரலாக அச்சிட்டமைக்கு அவ்வளவீட்டாளருக்கு நன்றி சொல்லவேண்டும். அந்நிரல் இல்லாவிடின் இவ்வெண் நுவரெலியாவின் சராசரிக்குள்ளே பாதி மறைந்திருக்கும்.

அந்நிரலுக்கு அப்பால் செல்ல விரும்பும் மாணவர்க்கு ஒரு வழி திறந்தே இருக்கிறது. தோட்டந்தோறும் யார் எந்நாளிலே பேர் போட்டார், யாருக்கு அரைப்பேர் என்று செக்ரோல் புத்தகம் நாள்வாரியாகச் சொல்லும். மருந்துச்சாலையின் நோயாளர் இடாப்பு எந்தப் பிள்ளை எந்நாளிலே கொண்டுவரப்பட்டது என்று சொல்லும். பிறப்பு, இறப்புப் பதிவுகள் எஞ்சியதைச் சொல்லும். இம்மூன்றையும் ஒரே மேசையில் விரித்து, காய்ச்சல் கண்ட நாளுக்கும் மருந்துச்சாலைக்குச் சென்ற நாளுக்கும் இடையிலுள்ள நாட்களை, தாயின் பேர் விழுந்த நாட்களோடு ஒப்பிட்டு எண்ணிப் பார்க்கலாம். பல தோட்டங்களிலே பழைய செக்ரோல்கள் பண்டசாலை மூலைகளிலே கறையானுக்கு இரையாகிக்கொண்டிருக்கின்றன. தோட்டப் பாடசாலைகளிலே கற்பிக்கும் நண்பர்கள் அவற்றைக் கேட்டு வாங்கிப் படியெடுத்து வைப்பார்களாயின், கணக்கிடுவோர் பின்னர் வருவர்.